பின் ஷாஃப்டைக் கழற்றிய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை ஓட்டலாமா? கரிசல் விவசாயிகள் கவனத்துக்கு

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிக் காட்டுப் பாதைகளில் ஜீப்பும் பிக்கப்பும் படாதபாடு படும். கரிசல் மண்ணில் உள்ள களி, தண்ணீரை உறிஞ்சிப் பருத்துப் பசைபோல ஒட்டும் தன்மை உடையது. அந்தச் சேறு வண்டிக்கு அடியில் உள்ள புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் இணைப்புகளுக்குள் புகுந்து, கிரீஸை வெளியேற்றிவிடும். இந்த நிலையில் புதைந்த வண்டியைக் கிளட்சை வெடுக்கென்று விட்டு இழுத்தால், கிராஸ் உடைந்துபோகும்.

அப்போது பலரும் செய்வது, பின் ஷாஃப்டைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, முன் சக்கரங்களின் இழுவையில் வண்டியை வீடு கொண்டுவந்து சேர்ப்பது. இது முடியும். ஆனால் ஷாஃப்ட் போனவுடன் வண்டியை நிறுத்திப் பிடிக்கும் வழிகளில் ஒன்றும் போய்விடுகிறது. இதை மறந்தால் உயிருக்கே ஆபத்து.

முதலில் முட்டுக்கட்டை, பிறகு ஸ்பேனர்

கியரில் போட்டு நிறுத்திய வண்டி ஏன் உருளாமல் நிற்கிறது? கியர்பாக்ஸையும் பின் சக்கரங்களையும் ஷாஃப்ட் இணைத்திருப்பதால்தான். லீவர் 2எச் நிலையில் இருக்கும்போது ஷாஃப்டின் போல்ட்டைக் கழற்றினால், அந்தப் பிடி அந்த நொடியே விட்டுப்போகும். சரிவில் நிற்கும் வண்டி, கியரில் இருந்தாலும் உருளும். அப்போது வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் நீங்கள்தான்.

ஹேண்ட் பிரேக்கையும் முழுதாக நம்ப வேண்டாம். பெரும்பாலான பிக்கப்களில் அது பின் சக்கர டிரம்மைப் பிடிக்கும், அதற்குப் பாதிப்பில்லை. வில்லிஸ் வகைப் பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் டிரம், டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கும். ஷாஃப்டைக் கழற்றினால் அந்த ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்காது.

ஆகவே அடியில் போகும் முன்பே, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கனமான கல்லோ கட்டையோ முட்டுக் கொடுங்கள். ஈரக் கரிசலில் ஜாக்கி புதைந்து சாயும். ஷாஃப்டைக் கழற்ற ஜாக்கி தேவையும் இல்லை.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை

• ஷாஃப்டின் இரு முனைகளிலும் பொருத்தும் இடத்தில் பெயிண்ட் அல்லது உளியால் அடையாளம் இடுங்கள். திரும்ப அதே நிலையில் மாட்டாவிட்டால் வண்டி அதிரும்.

• இரண்டு துண்டு ஷாஃப்டாக இருந்தால் நடு பேரிங்கோடு சேர்த்து முழுவதையும் எடுத்துவிடுங்கள். கயிற்றில் கட்டித் தொங்கவிடக் கூடாது. கயிறு அறுந்தால் ஷாஃப்டின் முன்முனை தரையில் குத்தி வண்டியைத் தூக்கிவிடும்; பிரேக் குழாயையும் டீசல் டேங்கையும் உடைக்கும்.

• சில வண்டிகளில் முன்முனை போல்ட் இல்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் செருகியிருக்கும். உருவினால் அந்தத் துளை வழியாக ஆயில் கொட்டும். அத்தகைய வண்டியை ஓட்ட வேண்டாம்.

• சத்தம் பின் ஹவுசிங்கில் இருந்து வந்தால், ஷாஃப்டைக் கழற்றியும் பயனில்லை. சக்கரம் சுற்றும்போது உள்ளே கிரவுன் பல்லும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

எந்த வண்டி நகரும்?

தேவைக்கு மட்டும் லீவரையோ பொத்தானையோ மாற்றி ஃபோர் வீல் போடும் வண்டிகள், 4எச் நிலையில் முன் சக்கரத்தால் நகரும். கையால் பூட்டும் ஹப் இருந்தால் இரண்டு பக்கமும் பூட்டியிருக்க வேண்டும். எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டிகளில் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. அதைப் பூட்டாவிட்டால், விசை முழுவதும் ஷாஃப்ட் இல்லாத பக்கம் வீணாகி வண்டி அசையாது.

ஓட்டும்போது

பருத்தி, உளுந்து, மக்காச்சோள மூட்டைகளை முதலில் இறக்குங்கள். சுமை பின் சக்கரத்தின் மேல்தான் அமரும். அது முன் சக்கரத்தின் பிடிப்புக்கு உதவாது. பளுவை மட்டும் கூட்டும்.

4எல் போட வேண்டாம். அது பெருக்கித் தரும் விசை முழுவதையும் முன் அச்சு தனியாகத் தாங்க வேண்டியிருக்கும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்த நிலையில் ஆக்சிலேட்டரை மிதித்தால் முன் அச்சின் இணைப்புகளும் உடையும்.

தார்ச் சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டக் கூடாது என்ற விதி இங்கே பொருந்தாது. முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று இழுப்பதால்தான் அந்த விதி. இப்போது ஓர் அச்சு மட்டுமே இயங்குகிறது. இருந்தாலும் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள், பக்கத்துப் பட்டறை வரை மட்டும் செல்லுங்கள். மதுரை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் ஏற வேண்டாம்.

மேட்டில் ஏறும்போது எடை பின்னால் சாய்வதால் முன் சக்கரம் வழுக்கும். குறுகிய ஏற்றமாக இருந்து, பின்னால் ஆள் நடமாட்டம் இல்லையென்றால், ரிவர்ஸில் ஏறுவது எளிது. ஈரமான இறக்கத்தில் கியரைத் திடீரென்று குறைத்தால் முன் சக்கரம் சறுக்கி, ஸ்டீயரிங் கேட்காது. நிறுத்தும் ஒவ்வொரு முறையும் முட்டு வையுங்கள்.

ஆழமாகப் புதைந்த வண்டிக்கு இந்த வழி உதவாது. டிராக்டரை வரவழைத்து இழுப்பதே சிக்கனம்.

டிராக்டருக்கு இது வேறு

ஃபோர் வீல் டிராக்டரில் பின் சக்கரத்துக்குத் தனி ஷாஃப்ட் இல்லை. கழற்ற முடிவது முன் ஷாஃப்ட் மட்டுமே. பல டிராக்டர்களில் பிரேக் பின் அச்சில்தான் உள்ளது. ஃபோர் வீல் போட்டிருக்கும்போது முன் ஷாஃப்ட் வழியாகவே முன் சக்கரமும் பிரேக்குக்குக் கட்டுப்படும். முன் ஷாஃப்ட் இல்லாத டிராக்டரில், டிரெய்லர் சுமையோடு இறக்கத்தில் செல்லும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை.

மழைக்கு முன்பே

புரட்டாசி விதைப்போடு கிராஸ் இணைப்புகளுக்குப் புது கிரீஸ் அடித்துவிடுங்கள். சேற்றில் ஓடிய வண்டியை அன்றே அடிப்பகுதி வரை கழுவுங்கள். கரிசல் காய்ந்தால் கல்லாகிவிடும். கழுவியபின் மீண்டும் கிரீஸ் அடியுங்கள். வண்டியில் இரண்டு முட்டுக்கட்டை எப்போதும் இருக்கட்டும்.