குண்டு ஏன் சுவரில் நிற்கவில்லை?

வீட்டில் உட்கார்ந்து தாமாகவே கேம் செய்யக் கற்றுக்கொள்பவர்கள் பலர் இந்தத் தொல்லையில் மாட்டியிருப்பார்கள். துப்பாக்கி சுடுகிறது, குண்டு பாய்கிறது, எதிரே சுவர். குண்டு சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறது. வேகத்தைக் குறைத்தால் ஒழுங்காக நிற்கிறது. கூட்டினால் எப்போதாவது நிற்கிறது, அதுதான் இன்னும் எரிச்சல். திரையில் பிழை என்று ஒரு சிவப்பு எழுத்தும் இல்லை. கூகுளில் என்னவென்று தட்டுவது?

கணக்கு எளிதுதான். யூனிட்டி என்ற கேம் என்ஜின், நாம் எதையும் மாற்றாமல் விட்டால், பொருள்களின் இயக்கத்தை 0.02 நொடிக்கு ஒரு முறை கணக்கிடுகிறது. நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு, ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையில் 60 சென்டிமீட்டர் தாவிவிடும். சுவரின் கனம் 20 சென்டிமீட்டர் என்றால், இந்தக் கணக்கில் குண்டு சுவருக்கு முன்னால் இருக்கும், அடுத்த கணக்கில் பின்னால் இருக்கும். நடுவில் சுவரைத் தொட்டது கணினிக்குத் தெரியவே தெரியாது. குண்டின் பருமனைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவைதான் மாட்டும். 'எப்போதாவது நிற்கிறது' என்பதன் ரகசியம் இவ்வளவே. இதற்கு டன்னலிங் என்று பெயர். 'கன்டினியுவஸ் கொலிஷன் டிடெக்‌ஷன்' என்ற வசதியை இயக்கினால், இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட பாதையையும் என்ஜின் சோதித்துப் பார்க்கும். ஓரிரு சொடுக்கில் முடிகிற வேலை. ஆனால் பெயர் தெரியாதவருக்கு ஒரு வாரம்கூட ஓடிவிடும்.

தேடுபொறிகளுக்குப் பின்னால் இருக்கும் 'தகவல் மீட்பு' என்ற அறிவியலில், பெயர் தெரியாமல் தேடுவது பழைய பிரச்சினை. ஜார்ஜ் ஃபர்னஸ், தாமஸ் லேண்டவர், லூயிஸ் கோமெஸ், சூசன் டுமே ஆகிய நால்வர் 1987-இல் இதை அளந்து பார்த்தார்கள். ஒரே பொருளுக்குப் பெயர் வைக்கச் சொன்னால், இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது. 'தாண்டிப் போகிறது' என்று கற்பவர் எழுதுகிறார், விடை தெரிந்தவர் 'டன்னலிங்' என்று எழுதி வைத்திருக்கிறார். இருவரும் சந்திக்க வழி?

சரியான பெயர் கிடைத்த மறுநிமிடம் விடை கொட்டுவதற்கும் காரணம் உண்டு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் சொன்ன யோசனை அது: எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்கு மதிப்பு குறைவு, சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். 'கேம்', 'பிளேயர்', 'ஒர்க் ஆகவில்லை' போன்றவை எங்கும் கிடப்பவை, அதனால் எடை இல்லை. 'டன்னலிங்' அபூர்வம். (அதை மட்டும் தட்டினால் குவான்டம் இயற்பியலும் மெட்ரோ சுரங்கமும்கூட வந்து நிற்கும். பக்கத்தில் 'கொலிஷன்' என்று சேர்ப்பது நல்லது.) இன்றைய தேடுபொறிகள் சொல்லைத் தாண்டிப் பொருளையும் ஊகிக்கின்றன, ஆனாலும் அபூர்வச் சொல்லின் செல்வாக்கு போய்விடவில்லை.

இந்தத் துறையிலும் அதை ஒட்டிய ஆராய்ச்சிகளிலும் சென்னைக் கிண்டிக்குப் பங்கு உண்டு. காட்டை ஒட்டிய ஐ.ஐ.டி.யில் 1981-இல் பட்டம் பெற்ற பிரபாகர் ராகவன், தகவல் மீட்பு பற்றி 2008-இல் வந்த புகழ்பெற்ற பாடநூலின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர். பின்னர் கூகுள் தேடல் பிரிவுக்கே தலைமை வகித்தார். அந்தப் பாடநூலை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சியில் முன்னோடி. 1994-இல் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டவர்.

ஆனால் கேம் கற்பவருக்கு இவர்களைவிட உதவக்கூடியவர், கணினித் துறையைச் சேராத ஒரு சென்னைக்காரர் என்பது என் எண்ணம். சீர்காழிப் பக்கம் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல், அதன் பொருளைப் பல முகங்களாகப் பிரிக்கும் முறையை 1933-இல் கோலன் பகுப்பாகக் கொடுத்தார். அந்த முகங்களைப் பின்னாளில் ஐந்தாகத் தொகுத்தார்: எந்தப் பொருள், அதன் தன்மை என்ன, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம்.

நம் குண்டை இதில் பொருத்திப் பாருங்கள். பொருள், ரிஜிட்பாடி (இயற்பியல் விதிப்படி நகரும் பொருளை யூனிட்டி அப்படித்தான் அழைக்கிறது). தன்மை, அதிவேகம். செயல், மோதல். இடம், யூனிட்டி. காலம், எந்தப் பதிப்பு. 'என் குண்டு சுவரைத் தாண்டுது' என்ற புலம்பல் தேடத் தகுந்த கேள்வியாகிவிட்டது. டன்னலிங் என்ற பெயர் தெரியாமலேயே அதன் வாசலுக்கு வந்துவிடலாம். வெகுதூரம் நடக்கும் கதாபாத்திரம் நடுங்குகிறது என்றாலும் இதே வழிதான். நடுக்கத்தைத் தேடினால் அனிமேஷன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். 'தொடக்கப் புள்ளியிலிருந்து வெகுதொலைவு' என்பதையும் சேர்த்தால், 32 பிட் எண்களின் துல்லியம் பற்றிய பக்கங்கள் வரும். சுமார் 131 கிலோமீட்டரைத் தாண்டினால், அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விழுந்துவிடுகிறது. கால் எங்கே ஊன்றும்?

ஐந்தில் பலரும் மறப்பது காலத்தை. 2023 மார்ச்சில் கோடோ என்ற இன்னொரு கேம் என்ஜினின் 4-ஆம் பதிப்பு வந்தபோது, கதாபாத்திரங்களுக்குப் பயன்படும் 'கைனமேட்டிக் பாடி' என்ற பெயரே 'கேரக்டர் பாடி' ஆனது. அதை நகர்த்தும் 'மூவ் அண்ட் ஸ்லைடு' கட்டளையின் அடைப்புக்குறிக்குள் வேகத்தைத் தருவது பழைய வழக்கம், இப்போது அது காலியாக இருக்கும். இணையத்திலோ பழைய பாடங்கள் அப்படியே கிடக்கின்றன. பிற பக்கங்கள் கொடுக்கும் இணைப்புகளை வைத்து மதிப்பிடுவது 1998-லிருந்து கூகுளின் அடிப்படைகளில் ஒன்று. பல ஆண்டுகளாக இணைப்புகளைச் சேர்த்த பழைய பக்கம் நேற்று வந்த சரியான பக்கத்தை முந்துவதில் வியப்பில்லை. தேடலில் பதிப்பு எண்ணைச் சேர்த்தால் பாதித் தொல்லை போகும்.

இப்போது பலரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் போகிறார்கள். 'குண்டு நிக்கல' என்று சொன்னால், டன்னலிங் என்ற பெயரை அது சட்டென்று எடுத்துக் கொடுக்கும். அந்த வகையில் 1987-இன் பிரச்சினைக்கு நல்ல மருந்துதான். அதே வாயால், கோடோவின் 3-ஆம் பதிப்பும் 4-ஆம் பதிப்பும் கலந்த நிரலையும் தரக்கூடும். பெயரை மட்டும் அதனிடம் வாங்கிக்கொண்டு, நிரலுக்கு அந்தந்தப் பதிப்பின் அதிகாரபூர்வக் கையேட்டைத் திறப்பதையே நான் சிபாரிசு செய்வேன். கோடோ கையேட்டில் 3-இலிருந்து 4-க்கு மாறுபவர்களுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. பழைய பெயரும் புதிய பெயரும் அங்கே அருகருகே இருக்கின்றன.