கூரையில்லாத காருக்கு இறுக்கமான ஸ்பிரிங்: விற்கும் முன் கேட்க வேண்டியவை

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்பவரிடம் "இது என் வாகனத்திற்குச் சரிவருமா?" என்று கேட்டால், "சரிவரும்" என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். முப்பது வருடங்களாக இத்தொழிலில் இருக்கும் நானும் அப்படிச் சொன்னவன்தான். அவ்வாறு சொல்லி விற்ற ஒரு பொருள் எனக்குக் கற்றுத்தந்த பாடத்தை, உதிரிப்பாகம் விற்பவர்களும் கராஜ் நடத்துபவர்களும் அறிந்திருப்பது நல்லது என்பதால் இவ்வாரம் எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் புதிய வாகனம் வாங்க வழியில்லாததால், கையிலிருந்த பழைய வாகனத்தைத் திருத்தி அழகுபடுத்தும் ஆர்வம் பலருக்கும் வந்தது. அப்படி என் கடைக்கு வந்தவர்களில் ஒருவர் தெஹிவளையைச் சேர்ந்த ஓர் இளைஞர். அவரிடம் இருந்தது மஸ்டா எம்.எக்ஸ்.5. கூரையைத் திறந்து மடிக்கக்கூடிய, இருவர் மாத்திரம் அமரும் கார். 1989இல் சிக்காகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமாகி, 2016இல் பத்து இலட்சமாவது கார் தயாரிக்கப்படும் அளவுக்கு உலகெங்கும் விற்பனையான வகை அது. முதல் தலைமுறைக் காரை ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றார்கள்.

அவர் கேட்டது கொயில்ஓவர் செட் ஒன்று. என்னிடமிருந்த செட்டுகளில் விலை கூடியதையும் இறுக்கம் கூடியதையும் எடுத்துக் கொடுத்தேன். நல்ல இலாபம். இரண்டு வாரத்தில் அவர் திரும்பி வந்தார். சிறிய குழியில் விழுந்தாலும் முன்கண்ணாடிச் சட்டம் நடுங்குகிறது, ஸ்டியரிங் கையில் ஆடுகிறது, கூரையின் கொளுக்கி கடகடக்கிறது, வேகத்தடையில் அடிப்பாகம் உரசுகிறது என்றார். கோபப்படவில்லை. "நானா, எனக்குத் தெரியாமத்தான் கேட்டேன். உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. உண்மை என்னவென்றால், எனக்கும் தெரியாது.

கொயில்ஓவர் என்றால் என்ன?

சொக் அப்சோபரின் மேல் சுருள் ஸ்பிரிங்கைப் பொருத்தி, இரண்டையும் ஒரே பாகமாக ஆக்கியதே கொயில்ஓவர். சொக் அப்சோபரின் உடலில் திருகுமறை வெட்டப்பட்டிருக்கும். அதிலுள்ள வளையங்களைத் திருப்பிக் காரின் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஸ்பிரிங் உட்காரும் தட்டை மாத்திரம் நகர்த்தலாம். மற்றதில் அடியிலுள்ள பிடியைத் தனியாகத் திருகி முழு நீளத்தையே மாற்றலாம். முதலாவது வகையில் காரைத் தாழ்த்தத் தாழ்த்த, சொக் அப்சோபர் உள்ளே செல்வதற்கு மீதமிருக்கும் இடம் குறையும். குழியில் விழும்போது அடியில் முட்டும். இரண்டாவது வகை விலை கூடியது, ஆனால் அந்த இடம் அப்படியே இருக்கும்.

அடுத்தது ஸ்பிரிங்கின் இறுக்கம். ஜப்பானியச் செட்டுகளின் பெட்டியில் 6 கிலோ, 8 கிலோ, 10 கிலோ என்று போட்டிருப்பார்கள். 8 கிலோ என்றால், அந்த ஸ்பிரிங் ஒரு மில்லிமீற்றர் அமுங்குவதற்கு 8 கிலோ பாரம் வேண்டும் என்பது பொருள். நான் கொடுத்த செட் முன்னால் 10, பின்னால் 8. அந்தக் காருக்குத் தொழிற்சாலையில் பூட்டிய ஸ்பிரிங் இதில் பாதிக்கும் குறைவானது. பந்தயத் திடலின் மட்டமான தரைக்குப் பொருந்தும் பொருளை, காலி வீதியில் ஓட்டுபவருக்கு விற்றிருக்கிறேன்.

கூரை இல்லாததால் வரும் வேறுபாடு

சப்பாத்துப் பெட்டி ஒன்றை மூடியோடு பிடித்து முறுக்கிப் பாருங்கள், இலகுவில் வளையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், நெளியும். கூரையுள்ள கார் மூடியுள்ள பெட்டி. கூரை திறக்கும் கார் மூடியில்லாத பெட்டி. கூரை தாங்க வேண்டிய முறுக்கையும் கீழே கதவுகளுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டங்கள்தான் தாங்குகின்றன. தயாரிப்பாளர்கள் அவற்றைப் பலப்படுத்தித்தான் அனுப்புகிறார்கள். என்றாலும் கூரையுள்ள காரின் உறுதி வராது.

ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் குழியின் அடியை அது வாங்கிக்கொள்ளும். அளவுக்கு மீறி இறுகினால் அந்த அடி உடலுக்குப் போகும். உடல் நெளியும், கண்ணாடிச் சட்டம் நடுங்கும். அந்த இளைஞர் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்தால் வந்தவை. அடிப்பாகம் உரசியது மட்டும் காரை அளவுக்கு மீறித் தாழ்த்தியதால் வந்தது.

இன்னொரு விடயமும் உண்டு. பழைய எம்.எக்ஸ்.5 கார்களில் துணிக்கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள துவாரங்கள் வழியாக வெளியேற வேண்டும். அவற்றில் இலை, குப்பை அடைத்தால் நீர் அந்தப் பெட்டிச் சட்டங்களுக்குள் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் அழகாக இருக்கும், உள்ளே இரும்பு இருக்காது. காருக்குப் பலமே அந்தச் சட்டம்தான். அது துருப்பிடித்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது வெல்டிங் வேலை, கொயில்ஓவர் அல்ல.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

செட்டை மாற்ற எங்களுக்குத் தெரிந்த அனுபவமுள்ள பாஸ் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனோம். அருகில் நின்று நான் கற்றுக்கொண்டவை இவை.

1. கழற்றுவதற்கு முன் நான்கு சக்கரங்களின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். எவ்வளவு தாழ்த்துகிறோம் என்பது அப்போதுதான் தெரியும்.

2. ஒரு மூலையை மாத்திரம் ஜக்கில் தூக்கி வைத்துக்கொண்டு கதவைத் திறந்து மூடக்கூடாது. கூரையில்லாத உடல் சற்று நெளிந்திருப்பதால் கதவு சட்டத்தில் சிக்கக்கூடும். ஜக்கை மாத்திரம் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டான்ட் வைக்க வேண்டும்.

3. இந்தக் காரில் மேல் நட்டுகள் முன்பக்கம் பொனட்டுக்குள்ளும் பின்பக்கம் டிக்கிக்குள்ளும் இருக்கும். பழைய பாகத்தின் மேல்பிடியை மீண்டும் பாவிப்பதாக இருந்தால், ஸ்பிரிங்கை உரிய கருவியால் அமுக்காமல் நடு நட்டைக் கழற்றக்கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே கொல்லும்.

4. இறப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுதியாக இறுக்கக்கூடாது. காரின் பாரம் சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுகிய நிலையில் நின்று விரைவில் கிழியும்.

5. உயரம் மாறினால் சக்கரங்களின் சாய்வும் மாறும். எனவே வீல் எலைன்மன்ட் கட்டாயம். செய்யாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

6. நூறு கிலோமீற்றர் அளவில் ஓட்டிய பிறகு பூட்டு வளையங்களையும் போல்ட்டுகளையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

அவருக்குப் பொருத்தியது முன்னால் 6, பின்னால் 4 கிலோ கொண்ட, நீளத்தை மாற்றக்கூடிய செட். அளவோடுதான் தாழ்த்தினோம். நடுக்கம் முற்றாகப் போகவில்லை, கூரை திறக்கும் காரில் கொஞ்சம் இருக்கவே செய்யும். ஆனால் கூரைக் கொளுக்கியின் சத்தம் நின்றது, வேகத்தடையில் உரசுவதும் நின்றது. பழைய செட்டைத் திருப்பி எடுத்தேன். பூட்டிய பொருள் என்பதால் பாதி விலைக்குத்தான் விற்க முடிந்தது. முதல் விற்பனையில் கிடைத்த இலாபமும் போய், கையிலிருந்தும் போனது.

வர்த்தக சகோதரர்களே, இப்போது கொயில்ஓவர் கேட்டு யார் வந்தாலும் விலை சொல்வதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்கிறேன். எங்கே ஓட்டுகிறீர்கள்? காருக்குக் கூரை உண்டா? கதவுக்கு அடியிலுள்ள சட்டத்தைத் தட்டிப் பார்த்தீர்களா? காப்புறுதி நிறுவனத்திற்கு இந்த மாற்றத்தைப் பற்றிச் சொல்லிவிட்டீர்களா? சிலர் பதில் சொல்லாமல் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். இந்தக் கேள்விகளைக் கேட்டதால் சில நேரம் விலை குறைந்த செட்டையே விற்க நேர்கிறது. சில நேரம், "முதலில் துருவைப் பாருங்கள் தம்பி" என்று வெறுங்கையோடு அனுப்பவும் நேர்கிறது.

தெஹிவளை இளைஞர் அதற்குப் பிறகு தன் நண்பர்கள் மூவரை என்னிடம் அனுப்பினார். அவர்களில் ஒருவர் கடைக்குள் வந்ததும் சொன்னது இதுதான்: "உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வீர்களாமே." ஒரு கடைக்கு இதைவிட நல்ல விளம்பரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.