பந்தயச் சிறு கார்: மோட்டாரும் டயரும்

ரேடியோவால் இயங்கும் சிறு காரை விளையாட்டுப் பொருள் என்றெண்ணி வாங்கித் தரும் பெற்றோர், பிள்ளை அதைப் பந்தயத்தில் ஓட்ட விழைந்ததும் திகைத்து நிற்கின்றனர். பொருந்தாத மோட்டார் ஒரே பிற்பகலில் கருகிப் போகும். போன பணம் போனதுதான். ஊர்விட்டு ஊர் வந்து சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் நம் அன்பர்கள் சில செய்திகளை முன்கூட்டியே அறிதல் நலம்.

'டூரிங் கார்' பிரிவில் ஓடுவன மெய்யான காரில் பத்தில் ஒரு பங்கு அளவின; அகலம் ஏறத்தாழ 190 மில்லிமீட்டர்; நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். இவற்றின் மோட்டார்களைக் கம்பிச் சுற்றின் எண்ணால் குறிப்பர். 21.5, 17.5, 13.5 என எண் இறங்க இறங்க வேகம் ஏறும். பெரிய எண்ணே பெரிய வலிமை என்று மயங்கலாகாது. சுற்றுக் குறைந்தால் மின்தடை குறையும், மின்னோட்டம் பெருகும், வெப்பமும் உடன் பெருகும். 2012-இல் நெதர்லாந்தில் உலகப் பட்டம் வென்ற யில்லஸ் குரோஸ்காம்ப் போன்ற வல்லுநர்க்கு மிகக் குறைந்த சுற்றுடைய மோட்டாரும் அடங்கி நடக்கும். நம் வீட்டுச் சிறுவனுக்கு 21.5 போதும், கை தேறியபின் 17.5. அதற்குமேல் ஆசைப்படுவது சுவரில் மோதுவதற்கே உதவும்!

மோட்டாரின் முனையிலுள்ள சிறு பல்சக்கரத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு பல் கூட்டினால் நேர்பாதையில் வேகம் மிகும்; ஆயின் மோட்டார் சுடும். சூடு மிகுந்தால் உள்ளிருக்கும் காந்தம் வலிவிழக்கும்; ஆறியபின்னும் அது முற்றும் மீளாது. ஆதலின் குறைந்த பற்களில் தொடங்கி, ஓட்டம் முடிந்ததும் வெப்பமானியால் அளந்து, பின்னரே ஒவ்வொன்றாகக் கூட்டுக.

நிற்க. மோட்டாருக்குச் செலவிடும் ஆர்வத்தில் பாதியைக்கூட டயருக்கு யாரும் காட்டுவதில்லை. வளைவில் பிடிப்பில்லாத காருக்கு வேகம் இருந்தென்ன? இந்த ரப்பர் டயருக்குள் அழுத்திய காற்று இல்லை. மென்மையான பஞ்சுறை ஒன்றே தாங்குகிறது. ரப்பரின் கடினத்தைச் சில உற்பத்தியாளர் 24, 28, 32, 36 என எண்ணால் காட்டுவர். எண் சிறிதாயின் ரப்பர் மென்மை. குளிர்ந்த தார்த்தளத்தில் மென்மையானது நன்கு பற்றும். நாகபுரியின் சித்திரை வெயிலில் அதையே பூட்டினால் சில சுற்றுகளிலேயே அளவுக்கு மீறிச் சூடேறி வழுக்கும், விரைவில் தேயும். அங்கே 36 போன்ற கடின வகையே தகும். டில்லியின் மார்கழிக் காலையில் அதே 36 சூடேறாமல் சறுக்கும். கம்பள விரிப்பிட்ட உள்ளரங்கத்திலோ பிடிப்பு மிகுந்து கார் வளைவில் கவிழ்வதும் உண்டு. அதற்காகச் சிலர் டயரின் வெளி விளிம்பில் பசை தடவி வழவழப்பாக்குவர்.

பல மன்றங்களில் எல்லாரும் ஒரே வகை டயரைப் பூட்ட வேண்டும் என்பது விதி. சிலவற்றில் மோட்டாரும் அவ்வாறே. செல்வம் மிகுந்தவன் டயரை விலைக்கு வாங்கியே வெல்வதைத் தடுக்கும் இவ்விதியை நாம் மனமார வரவேற்கிறோம். எனவே கடைக்குச் செல்லுமுன் மன்றத்தாரிடம் அதைக் கேட்டறிக. சக்கரத்தோடு ஒட்டி விற்கும் டயர்களையே வாங்குக. கைப்பழக்கம் இல்லாதவர் தாமே ஒட்டினால் கோணலாகி, ஓட்டத்தில் கார் நடுங்கும்.