பதினோரு அடி அருவிக்கும் ஒரு பெயர்

தென்காசிப் பக்கத்து ஆளிடம் அருவிக்குப் போகலாமா என்று கேட்டால், கை தானாகத் துண்டைத் தேடும். நானும் அக்டோபர் மாதக் குளிரில் துண்டும் நல்லெண்ணெய்க் குப்பியுமாகத்தான் மகள் வீட்டு வாசலில் வந்து நின்றேன். மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “மாமா, அங்கே குளிக்கறது இல்லை. நடந்து பார்த்துட்டு வர்றது மட்டும்தான்.” எண்ணெயை வைத்துவிட்டேன். துண்டை விட மனம் வரவில்லை.

மகள் வீடு இருக்கும் நியூஜெர்சியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். பென்சில்வேனியா மாநிலத்தின் வடகிழக்கில், வில்க்ஸ்-பேரி நகருக்கு மேற்கே சுமார் 30 மைலில் இருக்கிறது ரிக்கெட்ஸ் கிளென் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைவுக்கு வரவேண்டாம். 13,000 ஏக்கருக்கு மேல் விரிந்த காடு அது. கிச்சன் கிரீக் என்ற ஓடை இரண்டு கிளையாக மலையிலிருந்து இறங்கி, நடுவழியில் ஒன்று சேர்கிறது. அதன் போக்கில் பெயர் வைத்த அருவிகள் மட்டும் இருபதுக்கு மேல். முழுச் சுற்று நடந்தால் 7.2 மைல். மேல்பகுதியை மட்டும் சுற்றினால் 3.2 மைல், அதிலேயே 18 அருவிகளைப் பார்த்துவிடலாம். என் முழங்கால் இரண்டாவதற்குத்தான் சம்மதித்தது.

மேலே காரை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கவேண்டும். நம் ஊர் மலைக்கு நேர் எதிர்: போகும்போது சுகம், திரும்பும்போது மூச்சு வாங்கும். இறங்கிய கொஞ்ச தூரத்திலேயே முதல் அருவி, மோஹாக். அடுத்து ஒனைடா, 13 அடி. அதற்கடுத்து கேயூகா, வெறும் 11 அடி. எங்கள் மொட்டைமாடிக் குழாயிலிருந்து மழைத்தண்ணீர் விழும் உயரம்தான். அதற்கும் ஒரு பெயர்ப்பலகை. “இதுக்கெல்லாமா பேரு?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

நாலாவதாக வந்தது கனோகா, 94 அடி. இங்கே இதுதான் மூத்தது. குற்றாலத்துப் பேரருவியைப் பார்த்த கண்ணுக்கு அது நடுத்தரம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பேரருவிக்கு முன்னால் நான் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுப்பதோடு சரி. இங்கே பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்பதால், தண்ணீர் எப்படி இறங்குகிறது என்பதே புதிதாகத் தெரிந்தது. சில அருவிகள் கொலுப்படி மாதிரி: மெல்லிய பாறை அடுக்குகளில் படிபடியாகத் தத்தி இறங்குகின்றன. சில, தாழ்வாரத்து ஓட்டிலிருந்து விழுவதுபோலப் பாறை விளிம்பை விட்டு விலகி நேராக விழுகின்றன. கெட்டிப்பாறை மேலே தாங்கி நிற்க, கீழே உள்ள மெதுபாறையைத் தண்ணீர் அரித்துவிடுவதால் இப்படி ஆகிறது. பனியுகத்தில் பனிப்பாளங்கள் அக்கம்பக்கத்து நீரோட்டங்களைத் திருப்பி இந்த ஓடையில் சேர்த்துவிட்டன. அந்தக் கூடுதல் தண்ணீர்தான் பள்ளத்தாக்கை இவ்வளவு செங்குத்தாகக் குடைந்தது.

பாதையும் படிக்கட்டும் காட்டுக் கல்லிலேயே ஆனவை. ஈரக்கல்லின்மேல் மேப்பிள் இலை உதிர்ந்து கிடந்தால் அது வாழைப்பழத் தோலுக்குச் சமம். செனிகா அருவிக்கும் டெலவேருக்கும் நடுவே நான் சற்றும் எதிர்பாராமல் உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றும் இல்லை, மானம் மட்டும் போயிற்று. குளிர்காலத்தில் இந்தப் படிகள் உறைந்துவிடும்; அப்போது காலணியில் இரும்பு முள் மாட்டி, கயிறும் பனிக்கோடரியும் வைத்திருப்பவர்களைத்தான் உள்ளே விடுகிறார்கள்.

இந்தப் படிகளை அமைக்கவைத்தவர் கர்னல் ராபர்ட் புரூஸ் ரிக்கெட்ஸ். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-இல் கெட்டிஸ்பர்க் சண்டையில் ஒரு பீரங்கிப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். போருக்குப் பிறகு இந்த மலைப்பக்கம் நிலம் வாங்கத் தொடங்கி, ஒரு கட்டத்தில் 80,000 ஏக்கர் வரை சேர்த்தார். 1889 முதல் 1893 வரை ஆறு ஆட்களை வைத்துப் பாதை போட்டார். அவர் மர வியாபாரியும்கூட. சுற்றியிருந்த பெருங்காடெல்லாம் ரம்பத்துக்குப் போயிற்று. அருவிப் பள்ளத்தாக்கில் மட்டும் கோடரி விழவில்லை. அந்த மனிதரைக் கும்பிடுவதா குறை சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் 1918-இல் இறந்தார். தேசியப் பூங்கா ஆக்கும் பேச்சு 1930-களில் நடந்து, பணமில்லாமல் நின்றுபோனது. கடைசியில் மாநில அரசு வாங்கி, 1944-இல் பூங்காவாகத் திறந்தது.

பெயர்கள் அவர் வைத்தவை. தன் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் சில. மீதி பெரும்பாலும் அம்மண்ணின் பூர்வகுடிகளுடையவை. இராக்வா கூட்டமைப்பின் ஆறு இனங்களும் இங்கே தண்ணீராக விழுகின்றன: மோஹாக், ஒனைடா, ஒனொண்டகா, கேயூகா, செனிகா, டஸ்கரோரா. இந்த மலை உள்ளிட்ட பெருநிலப்பரப்பு 1768-இல் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் இராக்வாக்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. 17 அடி உயரத்தில் கானஸ்டோகா என்றொரு அருவி. 1763 டிசம்பரில், இதே பென்சில்வேனியாவில், கானஸ்டோகா மக்கள் 20 பேரை வெள்ளைக் குடியேறிகளின் கும்பல் ஒன்று இரண்டு முறை வந்து கொன்றது. குழந்தைகளையும் விடவில்லை. மருமகன் போனில் தேடி இதைப் படித்துக் காட்டியபோது, அருவிக்கு முன்னால் ஒரு குடும்பம் சிரித்தபடி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பலகையில் பெயருக்குமேல் விவரம் இல்லை.

இரண்டு கிளைகளும் கூடும் இடத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். பிறகு கிளென் லீ என்ற இன்னொரு கிளை வழியாக ஏற்றம். 60 அடி ஓசோன் அருவிப் பக்கம் படி கொஞ்சம் கடுமை. துண்டு கழுத்து வியர்வைக்கு உதவியது. ஏறி நின்று மூச்சு வாங்கும்போதுதான் மரங்களை அண்ணாந்து பார்த்தேன். ஹெம்லாக், பென்சில்வேனியாவின் மாநில மரம். இங்கே 300 வயதைத் தாண்டியவை பல. சுற்றிலும் மற்ற மரங்கள் மஞ்சளும் சிவப்புமாய் உதிர்ந்துகொண்டிருக்க, இவை மட்டும் கரும்பச்சை. கோடரிக்குத் தப்பிய இந்த இனத்துக்கு இப்போது ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூச்சி எமனாக வாய்த்திருக்கிறது. நம்மூர்ப் பப்பாளியில் மாவுப்பூச்சி அப்புகிற மாதிரி, இலைக்கடியில் வெள்ளைப் பஞ்சாய் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சிவிடும். நிழல் தரும் ஹெம்லாக் போனால் ஓடை சூடேறும், குளிர்ந்த நீரில் வாழும் டிரவுட் மீனுக்கும் திண்டாட்டம்தான்.

பதினெட்டாவது, ஒனொண்டகா. 15 அடி. அதற்குமேல் அருவி கிடையாது, மேட்டுப்பாதையில் 1.2 மைல் நடந்தால் காருக்குப் போய்விடலாம். சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. ஓடை ஓரமாகக் குந்தி, இரண்டு கையாலும் அள்ளி மூன்று முறை தலையில் தெளித்துக்கொண்டேன். பல் கூசுகிற குளிர். நிமிர்ந்தபோது மருமகன் எனக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரே ஒரு சிவப்பு இலையை வெகுநேரமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.