வெளிச்சமும் மறைப்பும்

அரபு மொழியில் வீட்டைக் குறிக்கும் சொற்கள் பல. இரவைக் கழிக்கும் இடம் ‘பைத்’. வந்து இறங்கும் இடம் ‘மன்ஸில்’. ‘மஸ்கன்’ என்னும் சொல்லோ ‘ஸுகூன்’ என்ற அமைதியோடு ஒரே வேரில் பிறந்தது. திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயம் 80ஆம் வசனம் வீட்டை இறைவன் அளித்த அமைதித் தலமாக நினைவூட்டுகிறது. அந்நூர் அத்தியாயம் 27ஆம் வசனம், அனுமதியும் ஸலாமும் இன்றிப் பிறர் வீட்டினுள் நுழைவதைத் தடுக்கிறது. அமைதிக்கு மறைப்பும் வேண்டும் என்பது இதனால் விளங்கும். ஆனால், மறைப்பு என்றால் இருட்டு என்று பொருளில்லை. இன்றைய நம் வீடுகள் பலவற்றில் இவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஆரல்வாய்மொழியில் உறவினர் ஒருவர் புதுவீடு கட்டினார். தெருவை நோக்கிய முன்னறைக்கு ஆளுயரக் கண்ணாடிச் சன்னல்கள். குடிபுகுந்த சில நாள்களிலேயே அவற்றுக்குக் கனத்த திரைகள் வந்தன; பின்னர் அவை விலக்கப்படவே இல்லை. நண்பகலிலும் குழல்விளக்கு எரிகிறது. மலைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து, முப்பந்தல் வரை வரிசை வரிசையாகக் காற்றாலைகளைச் சுழற்றும் ஊர் அது. அங்கே, அடைத்த அறைக்குள் மின்விசிறி சுழல்கிறது. பழைய வீட்டு முற்றத்தில் விழும் நிழலைக் கொண்டே தொழுகை நேரத்தை அறிந்துவந்த அவ்வீட்டு மூதாட்டி, இன்று கட்டிலில் அமர்ந்தபடி, “லுஹருக்கு நேரமாச்சா மக்களே?” என்று கேட்கிறார்.

நாஞ்சில் நாட்டு நாலுகட்டு வீடு தெருவுக்கு முகத்தை மூடிக்கொண்டு, வானத்துக்குத் திறந்திருந்தது. நான்கு புறமும் தாழ்வாரம், நடுவே முற்றம். இரவில் குளிர்ந்த காற்று கனமுற்று முற்றத்தில் இறங்கித் தங்கும். பகலில் சூடேறிய காற்று மேலெழுந்து அதன் வழியே வெளியேறும். வெயில் நேரே அறைக்குள் வராது; தரையில் பட்டு, மென்மையான வெளிச்சமாகவே உள்ளே வரும். பத்மநாபபுரம் அரண்மனையின் மரச் சட்டகங்களில் இதே நுட்பத்தின் மற்றொரு வடிவைக் காணலாம். உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம். வெளிச்சத்தில் நிற்பவருக்கு உள்ளிருக்கும் நிழல் தெரியாது.

அரபு நாடுகளின் வீடுகளிலும் ‘ஸஹ்ன்’ என்னும் நடுமுற்றம் உண்டு. கெய்ரோவின் மரச்சல்லடைச் சன்னலுக்கு ‘மஷ்ரபிய்யா’ என்று பெயர். பருகுதலைக் குறிக்கும் வேர்ச்சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். காற்றில் குளிர்வதற்காக நீர்ச்சாடிகளை அங்கே வைத்தனர். 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் இப்னுர் ராமி, அண்டை வீட்டை நோக்கும் திறப்புகள் பற்றிய சட்டத் தீர்ப்புகளைத் தம் நூலில் தொகுத்தார். ஒருவர் தமக்கு வெளிச்சம் தேடும்போது, அடுத்தவரின் மறைப்பைக் கெடுக்கலாகாது என்பதே அவற்றின் சாரம்.

இம்மரபை நம் காலத்துக்கு மீட்டவர்கள் உண்டு. எகிப்தின் ஹஸன் ஃபத்ஹி (1900–1989), லுக்ஸர் அருகே புதிய குர்னா கிராமத்தை மண்செங்கல்லாலும் முற்றங்களாலும் அமைத்தார். நமக்கு அண்மையில், திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917–2007), செங்கற்களுக்கிடையே இடைவெளி விட்டு ஜாலிச் சுவர்களை எழுப்பினார். சன்னலும் கண்ணாடியும் இல்லாமலே அச்சுவர் காற்றை வடிகட்டி, வெயிலைச் சிறு துண்டுகளாக்கி உள்ளே விடுகிறது.

மூன்று சென்ட் மனையிலும் இது இயலும். வீட்டின் நடுவே ஆறடிச் சதுரம் வானத்துக்குத் திறந்திருக்கட்டும். திருட்டுக்கு அஞ்சினால் மேலே இரும்புக் கம்பி வலை போடலாம். மழைநீருக்கு வடிகால் அமைக்கலாம். கண்ணாடியால் மூடுவோர், அதனடியில் சூடு வெளியேறத் துளைகள் விட வேண்டும். இன்றேல் வீடு கொதிகலனாகும். பருவக்காற்று மோதும் மேற்குப் பக்கத்துக்கு ஜாலிச் சுவர் பொருந்தும். ஒன்றை மறக்கலாகாது: இரவில் விளக்கேற்றியதும் நிலை தலைகீழாகும், உள்ளிருப்பது வெளியே தெரியும். ஆதலால் உட்புறம் மரக்கதவோ திரையோ தேவை.

வரைபடம் வரையும்போது நாம் வாசலில் வந்து நிற்கும் விருந்தினரின் கண்ணையே எண்ணுகிறோம். ஆனால், வீட்டில் நெடும்பொழுது இருப்பவர்கள் பெண்களும் முதியோரும் குழந்தைகளுமே. திரையை விலக்காமலே அவர்கள் வானத்தைக் காண வழி செய்யும் வீடுதான் மஸ்கன் என்னும் பெயருக்கு உரியது.