சுழியோடியின் மூச்சுக் கருவி

மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர் கனத்த கல்லொன்றின் துணையால் அமிழ்ந்து, அடக்கிய மூச்சு உள்ளவரை சிப்பி பொறுக்கி மீண்டனர். அவர்தம் உயிர், படகில் நின்று கயிறு பிடித்த துணைவன் கையில் இருந்தது. இன்று வட கடலிற் சங்கும் கடலட்டையும் எடுக்கச் செல்லும் சுழியோடிகள் பலர் காற்றுச் சிலிண்டரை முதுகிற் சுமந்து இறங்குகின்றனர். அவர்தம் உயிரோ வாயிற் கவ்விய ஒரு சிறு கருவியிற் தங்கியுளது. சுவாசச் சீராக்கி எனப்படும் அதனை ரெகுலேற்றர் என்றே பலரும் வழங்குவர். அக்கருவி எவ்வளவு நம்பத்தக்கது? அதிற் குறை காணப்படின் அதனை யார், யாருக்கு அறிவிப்பது?

சிலிண்டரில் அடைத்த காற்றின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்காகும். அதனை நேரே உள்ளிழுத்தல் இயலாது. கடலிற் பத்து மீற்றர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். 30 மீற்றர் ஆழத்தில் உடலை நெருக்கும் அமுக்கம் தரையில் உள்ளதைப் போல் நான்கு மடங்கு. அங்கே நெஞ்சு விரிய வேண்டுமாயின், உள்ளே வரும் காற்றும் அதே அமுக்கத்தோடு வருதல் வேண்டும்.

சீராக்கி இதனை இரு படிகளிற் செய்கின்றது. சிலிண்டரின் தலையிற் பொருத்தப்படும் முதற்படி, காற்றின் அமுக்கத்தை வெகுவாகக் குறைத்துக் குழாய் வழியே அனுப்புகின்றது. அவ்வாறு குறைத்த பின்னும் அது சூழ்ந்த நீரின் அமுக்கத்திலும் ஏறத்தாழப் பத்து வளிமண்டல அளவு மிகுந்திருக்கும். வாயிற் கவ்வும் இரண்டாம் படியில் மென்றகடு ஒன்று உண்டு. மூச்சிழுக்கும்போது அது உள்வளைந்து ஒரு நெம்பை அழுத்த, வால்வு திறந்து வேண்டிய காற்று வரும். இழுப்பது நின்றதும் வால்வு மூடிக்கொள்ளும்.

இக்கருவி பிழை திருத்தித் திருத்தியே உருவாயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் பிரான்சு நாட்டுக் கடற்படை அதிகாரி கூசுத்தோவும் பொறியியலாளர் காஞானும், மோட்டார் வண்டிகளுக்கு எரிவாயு செலுத்த அமைந்த வால்வொன்றை மாற்றியமைத்து மார்ன் ஆற்றிற் சோதித்தனர். கிடையாக நீந்தும்போது காற்று ஒழுங்காக வந்தது. நிமிர்ந்ததும் வீணே பீறிட்டது. தலைகீழானதும் வரத் தயங்கியது. காற்று உள்வரும் வழியும் வெளிச்செல்லும் வழியும் வெவ்வேறு மட்டத்தில் இருந்தமையே காரணம். இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொணர்ந்ததும் குறை தீர்ந்தது. 1943இல் அவர்கள் கருவி கடலில் வெற்றி கண்டது.

இக்காலச் சீராக்கிகளின் அமைப்பில் ஒரு நல்ல நெறி உண்டு. கருவி பழுதுறுமாயின், அது காற்றை நிறுத்துவதினும் மிகுதியாக வெளிவிடும் வகையிற் பழுதுற வேண்டும் என்பதே அந்நெறி. முதற்படியின் வால்விருக்கை தேய்ந்தால், குழாயிலுள்ள அமுக்கம் மெல்ல மெல்ல ஏறும். அப்போது இரண்டாம் படியின் வால்வு அவ்வமுக்கத்தாலே தள்ளுண்டு திறக்கும். காற்று ஓயாது பீறிடினும் சுழியோடி அதிலிருந்து மூச்செடுத்து மேலேறலாம். ஆனால், ஆழத்திற் சிலிண்டர் சில நிமிடங்களிலேயே வெறுமையாகிவிடும். அச்சத்தால் மூச்சை அடக்கி விரைந்து ஏறுபவரின் நுரையீரலோ, உள்ளே விரியும் காற்றாற் கிழிந்துவிடும். ஆதலின், கருவி காட்டும் இரக்கம் சிறிது நேரத்துக்கே உரியது.

குளிர்நாட்டுக் கடல்களில் வேறோர் இடர் உண்டு. விரியும் காற்று குளிருமாதலால், முதற்படியில் நீர் உறைந்து வால்வைத் திறந்தபடியே பிணித்துவிடும். இது கருதியே ஐரோப்பாவின் ஈஎன் 250 என்னும் நியமம், குளிர்நீருக்கான சீராக்கிகளை 4 பாகை செல்சியசு நீரிற் சோதிக்குமாறு விதிக்கின்றது. நம் கடல் வெதுவெதுப்பானது. இங்கே பகையாவன உப்பும் மணலும் பராமரிப்பின்மையுமே.

பராமரிப்பால் தீராத குறையும் உண்டு. தொழிற்சாலையிலேயே ஒரு தொகுதியின் உலோகமோ வில்லோ வளையமோ பிழைபடுமாயின், வாங்கியவர் எவ்வளவு கழுவித் துடைத்தும் பயனில்லை. அப்போதுதான் கருவியைத் திரும்ப அழைத்தல் வேண்டப்படுகின்றது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் நுகர்பொருட் பாதுகாப்புச் சட்டம், தன் பொருளிற் பேராபத்து விளைக்கத்தக்க குறையை அறிந்த நிறுவனம் அதனை உடனே உரிய ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டுமென்கிறது. 2018இல், முதற்படியிற் பொருத்திக் காற்றின் அளவைக் கம்பியின்றி அறிவிக்கும் ஒரு சிறு கருவி, அமுக்கந் தாளாது உடையக்கூடும் எனக் கண்டு திரும்ப அழைக்கப்பட்டது. அவற்றை மிகை அமுக்கத்திற் சோதித்து, தேறியவற்றை உரியவர்க்கு மீள அளிப்பதே ஏற்பாடாயிற்று.

திரும்ப அழைத்தலைக் கேட்டோர் அந்நிறுவனத்தை இகழ்தல் இயல்பு. ஆயினும் குறையை ஒப்புக்கொள்ளும் நிறுவனத்திலும் மறைக்கும் நிறுவனமே அஞ்சத்தக்கது. கவலைக்குரியது மற்றொன்று: அழைப்பு முதலில் வாங்கியவரையே தேடிச் செல்லும். கருவியோ கைமாறிக் கைமாறி, விற்பனைச்சீட்டும் வழிகாட்டி நூலும் இன்றி, ஓர் ஏழைச் சுழியோடியின் தோணியை வந்தடையும். எச்சரிக்கை எழுதப்பட்ட மொழியும் அவர் அறியாததாயிருக்கும். யாருக்கு அவ்வறிவிப்பு மிகவும் வேண்டுமோ, அவரையே அது எட்டுவதில்லை.

இக்குறையைப் பெரும்பொருள் செலவின்றியே ஓரளவு நீக்கலாம். ஒவ்வொரு சீராக்கியின் உடலிலும் தொடரிலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அதனையும் கருவியின் வகைப் பெயரையும் சுழியோடி ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் வேண்டும். கடற்றொழிலாளர் சங்கங்கள் தம் உறுப்பினரின் தொடரிலக்கங்களைப் பதிந்து, படித்த இளைஞர் ஒருவரைக் கொண்டு அறிவித்தல்களோடு ஒப்புநோக்கலாம். கடலிலிருந்து மீண்டதும் கருவியை நன்னீரிற் கழுவுதலும், உற்பத்தியாளர் விதித்த காலத்திற் பயிற்சி பெற்றவரிடம் அதனைப் பிரித்துப் பார்க்கக் கொடுத்தலும் தவறலாகாது.

முத்துக் குளித்தவர் தம் கயிற்றைப் பிடித்த துணைவன் இன்னான் என அறிந்தே நீரில் இறங்கினார். இக்காலச் சுழியோடியும் தம் மூச்சைக் காக்கும் கருவி எங்கிருந்து வந்தது, யார் செப்பனிட்டது என்பவற்றை அறிந்த பின்னரே இறங்குதல் வேண்டும்.