பூட்டு இடம் மாறிவிட்டது

டெக்சஸின் ரவுண்ட் ராக்கில் குடியிருப்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் உள்ளூர்ச் சரக்கு. மைக்கேல் டெல் 1984-ல், கல்லூரி மாணவராக, ஆஸ்டின் விடுதி அறையில் தொடங்கிய கம்பெனி தொண்ணூறுகளில் தலைமையகத்தை இங்கே கொண்டுவந்தது. ஊர் பேஸ்பால் மைதானத்தின் பெயரே டெல் டைமண்ட். இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் மெஷின் படுத்துவிட்டால், ‘கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தம்பி’ யாரையாவது கூப்பிடுவார்கள். இருபது வருஷமாக அந்தத் தம்பிகளில் நானும் ஒருவன்.

சென்னையில் இருந்தவரை விண்டோஸ் போட யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த பெட்டி. உறையில் மார்க்கர் பேனாவால் கீ எழுதிய ஒரே சிடி பத்து வீட்டுக்குப் போய்வரும். இங்கே வந்து 2005 கோடையில் ஒரு நண்பர் வீட்டு டவரைத் திறந்தபோதுதான் பாடம் படித்தேன்.

ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. புது டிஸ்க்கைப் பட்டைக் கேபிளில் மாட்டினேன். விண்டோஸ் எக்ஸ்பி போட்டாயிற்று. டவரோடு வந்த சிடி, நண்பர் வீடு மாறியபோது எங்கோ போய்விட்டிருந்தது. அது இருந்திருந்தால் சிக்கலே இல்லை. பெரிய கம்பெனிப் பெட்டிகளின் பயாஸில் அந்தக் கம்பெனியின் அடையாளம் பதிந்திருக்கும். அவர்கள் கொடுத்த சிடி அதைப் பார்த்ததும் வேறெதுவும் கேட்காது. நான் போட்டது கடன் வாங்கிய சிடி. அதனால் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருந்த 25 எழுத்துகளை அடிக்க வேண்டியதாயிற்று. மேஜைக் காலில் உரசி உரசி அச்சு தேய்ந்திருந்தது. ஓரிடத்தில் எட்டா, பி-யா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம்.

கீ சரிதான், ஆனால் ஆக்டிவேட் ஆகவில்லை. 2001-ல் எக்ஸ்பியோடுதான் இந்த ஆக்டிவேஷன் முறை வீடுகளுக்கு வந்தது. மெஷினின் பத்து உறுப்புகளைப் பார்த்து ஓர் அடையாள எண் தயாராகும். 30 நாளுக்குள் அதைப் பதிவு செய்தாக வேண்டும். பெரிய கம்பெனிகளின் ஸ்டிக்கர் கீகளுக்கு இன்டர்நெட் வழியை மைக்ரோசாப்ட் 2005 பிப்ரவரியோடு அடைத்துவிட்டது. மிச்சமிருந்தது போன். திரையில் தெரிந்த ஐம்பது இலக்கங்களை நான் வாசித்தேன். எதிர்முனையில் இருந்த பெண் எத்தனை மெஷினில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, 42 இலக்கங்களைத் திருப்பிச் சொன்னார். நண்பரின் மனைவி நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டே வந்தார்.

அனுமதிக்கு இவ்வளவு பாடு. அவர்களுடைய போட்டோக்களோ ஒரு கேள்வியும் கேட்காமல் வந்துவிட்டன. பழைய டிஸ்க்கின் பின்னால் அரிசி அளவுக்கு ஜம்பர் என்று ஒரு பிளாஸ்டிக் துணுக்கு இருக்கும். அதைப் புருவம் திருத்தும் இடுக்கியால் பிடுங்கி இடம் மாற்றி, என் வீட்டு டவரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினேன். சாகும் தறுவாயிலும் அது எல்லாவற்றையும் கொடுத்தது.

போன மாதம் பக்கத்துத் தெரு மதுரை அக்கா கூப்பிட்டார். “தம்பி, லேப்டாப் திணறுது. அப்பாவோட சதாபிஷேகப் போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு.” டிரைவ் தேய்ந்துபோயிருந்தது. இன்றைய டிரைவ் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம்; ஒரே ஒரு ஸ்க்ரூ. இரண்டு நிமிஷத்தில் புதியதை மாட்டிவிட்டேன்.

பென்டிரைவிலிருந்து விண்டோஸ் 11 போடத் தொடங்கினால், டிரைவே இல்லை என்றது. இது பழைய நோய். அன்று புது சாட்டா டிஸ்க்கை எக்ஸ்பி கண்டுகொள்ள, எஃப்6 அழுத்திப் பிளாப்பி கொடுப்போம். இன்று டிரைவை நிர்வகிக்கும் இன்டெலின் விஎம்டி குறுக்கே நிற்கிறது; அதற்கான டிரைவர் கோப்பை வேறு கம்ப்யூட்டரில் இறக்கிப் பென்டிரைவில் கொடுத்தால் டிரைவ் தெரிகிறது. பிளாப்பி போய்விட்டது, தேவை போகவில்லை.

கீயை யாரும் கேட்கவில்லை. விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து கம்பெனி மெஷின்களின் கீ மதர்போர்டுக்குள்ளேயே பதிந்து வருகிறது. 2015-ல் விண்டோஸ் 10 அதற்கு மேல் டிஜிட்டல் லைசென்ஸ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. டிரைவை எத்தனை முறை மாற்றினாலும் வைஃபை கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். மதர்போர்டை மாற்றினால்தான் வம்பு. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். காசு கொடுத்து வாங்கியவர் போனில் இலக்கம் ஒப்பிக்க வேண்டியதில்லை.

பழைய டிரைவை யூஎஸ்பி உறைக்குள் போட்டுச் செருகினேன். 48 இலக்க எண் கேட்டது. பிட்லாக்கர், விண்டோஸ் டிரைவுக்குப் போடும் பூட்டு. அன்று விண்டோஸுக்குப் பூட்டு, வீட்டுப் போட்டோ திறந்து கிடந்தது. இன்று விண்டோஸ் திறந்து கிடக்கிறது, போட்டோவுக்குப் பூட்டு. காரின் பின்சீட்டிலிருந்து லேப்டாப் திருடு போகிற ஊரில் இந்தப் பூட்டு தேவைதான். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது விழுந்திருப்பதே தெரியாது. 2024 அக்டோபரில் வந்த 24ஹெச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாப்ட் கணக்கோடு புதிதாகப் போடும் பெரும்பாலான மெஷின்களில் அது தானாகவே விழுகிறது. சாவி கணக்கில் இருக்கும். யார் கணக்கில் என்பதுதான் கேள்வி. டிரைவ் சாகும்வரை அதை யாரும் கேட்பதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் இப்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அக்காவுக்கும் தெரியவில்லை. “லேப்டாப் வாங்கினப்ப பையன்தான் எல்லாம் போட்டுக் குடுத்தான்.” பையன் டாலஸில் கல்லூரியில் படிக்கிறான். ஸ்பீக்கர் போனில் கூப்பிட்டோம். அவன் தன் கணக்கைத் திறந்தான். அங்கே மூன்று சாவிகள் இருந்தன. என் திரையில் தெரிந்த அடையாளத்தின் முதல் எட்டு எழுத்தை நான் சொல்ல, இரண்டாவது சாவி பொருந்தியது. ஆறாறு இலக்கமாக எட்டுக் கூட்டம். அவன் சொல்லச் சொல்ல அக்கா மளிகைக் கணக்கு நோட்டில் எழுதினார். ஐந்தாவது கூட்டத்தில், “மெதுவாச் சொல்லுப்பா” என்றார்.

நான் அடித்து முடித்தேன். திருக்கடையூர் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்தது. அப்பாவும் அம்மாவும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து, பாஸ்போர்ட்டுகள் இருக்கும் கவருக்குள் வைத்தார்.